வாசகர் கேள்வி – பதில்: நூறில் எத்தனை?

தமிழில் ஒருவர் தம் வாழ்நாளில் படித்திருக்க வேண்டிய 100 நூல்கள் என்று ஒரு பட்டியலைச் சென்ற மாத இதழில் வெளியிட்டிருந்தோம். சங்க நூல்களில் தொடங்கி 1980-களின் நாவல்கள் வரை, இடையிடையே சில மொழிபெயர்ப்புகளும் சேர்ந்த பட்டியல் அது. படித்தவற்றுக்குக் குறியிட ஒவ்வொரு பெயரின் எதிரிலும் ஒரு சிறு கட்டம் இருந்தது. இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டங்களைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால், எல்லாக் கடிதங்களுக்கும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். உங்கள் பட்டியலில் குறியிட்டுப் பார்த்தபோது 100-க்கு 23 தான் தேறியது. இங்கே மழைக்காலத்து ஈரத்தில் புத்தகங்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் ஆண்டுதோறும் தை மாதத்தில் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கி, காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் பாய் விரித்து வெயிலில் வைப்பேன். இந்தத் தையில் வைத்தபோது எண்ணிப் பார்த்தேன். 140 புத்தகங்களில் பாதிக்கு மேல் நான் ஒருமுறைகூடத் திறக்காதவை. 66 வயதில் இந்தக் கணக்கு மனத்தை மிகவும் வருத்துகிறது. இனி என்ன செய்வது? – ஏற்காடு

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வருத்தத்துக்கு மறுமொழி சொல்லும் முன், நம் சேலத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஒருவர் 140 ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு கேள்வியை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். அவ்வூர்க் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர் அவரைப் போய்ப் பார்த்தார். சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்டதும், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், கோவைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பின் சாயல்கூடத் தோன்றவில்லை. கம்பராமாயணத்தைச் சொன்னபோதும் அவர் அசையவில்லை. அவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று மூன்று பெயர்களைச் சொன்னார். மூன்றையும் தாம் படித்ததில்லை என்றும், தம் ஆசிரியரே படித்ததில்லை என்றும், அவற்றைப் புத்தகமாகக்கூடக் கண்டதில்லை என்றும் சாமிநாதையர் ஒப்புக்கொண்டார். பின்னர் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சீவக சிந்தாமணி அவரால் அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வந்தன. இவை அனைத்தையும் சாமிநாதையரே தம் சுயசரிதையான ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அம்மா, அன்று அந்த அறையில் நடந்ததும் இருப்புக் கணக்கெடுப்புதான். அன்றைய தமிழ்நாட்டில் மிக நன்றாகத் தமிழ் படித்தவர்களில் ஒருவர், இன்று நாம் பட்டியலின் முதல் வரிசையில் வைக்கும் மூன்று நூல்களுக்கு எதிரிலும் குறியிட முடியாதவராக இருந்தார். அவர் படித்த காலத்தில் பாடம் சொல்லப்பட்ட நூல்களின் வரிசையில் அவை இல்லை, அவ்வளவுதான். உங்கள் 77 வெற்றுக் கட்டங்களில் பலவற்றுக்கும் காரணம் இதுவே. நீங்கள் படித்த பள்ளியிலும் பயிற்சிக் கல்லூரியிலும் என்ன இருந்தது, நீங்கள் வேலை பார்த்த ஊர்களின் கிளை நூலகத்தில் எந்தப் புத்தகம் கைக்கு எட்டியது, வீட்டு வேலை முடிந்து இரவில் எத்தனை நிமிடம் கிடைத்தது என்பவையே பெரும்பாலும் அந்தக் கட்டங்களை நிரப்பியும் காலியாக விட்டும் இருக்கின்றன. இதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் கணக்கை மறந்துவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இன்னது படிக்கவில்லை என்பது அந்தச் சந்திப்பில் வாய்விட்டுச் சொல்லப்பட்டிராவிட்டால், அந்தக் கையெழுத்துப் பிரதி அவர் கைக்கு வந்திருக்காது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சேலத்தில் 30 ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்த என் தந்தை, 1976-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சிவப்புத் துணி முதுகு வைத்துத் தைத்த ஒரு நீளமான பேரேட்டை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வரவு, பற்று என்று இரண்டு பத்திகள். வாங்கிய அல்லது இரவல் பெற்ற புத்தகத்தை வரவிலும், படித்து முடித்ததைப் பற்றிலும் தேதியோடு எழுதி வந்தேன். 1979-ஆம் ஆண்டுப் பக்கத்தில், பற்றுப் பத்தியில், ‘சிலப்பதிகாரம்’ என்று நீல மையில் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு நான் படித்திருந்தது புகார்க் காண்டம் மட்டுமே. மற்ற இரண்டு காண்டங்களிலிருந்தும் வகுப்புக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, நூல் முழுவதையும் முடித்ததாக எழுதியிருக்கிறேன். யாரும் பார்க்காத என் சொந்தப் பேரேட்டில் அப்படி எழுத எப்படி மனம் வந்தது என்று பின்னாளில் நெடுநேரம் யோசித்தேன். தமிழாசிரியன் சிலப்பதிகாரம் படிக்காமல் இருக்கக்கூடாது என்ற அச்சம்தான் காரணம். 1991-இல் மூன்று காண்டங்களையும் முறையாகப் படித்து முடித்தபின், பழைய பதிவைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தினேன். அந்தச் சிவப்புக் கோடு இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே, உங்கள் 23-ஐ நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலிருந்து அவை உண்மையான 23 என்று தெரிகிறது. 60, 70 என்று எழுதியனுப்பிய சில கடிதங்களைப் படித்தபோது எனக்கு என் 1979-ஆம் ஆண்டுப் பக்கமே நினைவுக்கு வந்தது.

இனி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பட்டியலை விட்டுவிட்டுக் களத்துப் பாய்க்கே திரும்புங்கள். திறக்காத 70-க்கும் மேற்பட்ட புத்தகங்களில், யாரோ பரிசளித்ததால் வந்தவை சில இருக்கும். விழாக்களில் மரியாதைக்கு வாங்கியவை சில இருக்கும். அவற்றை விரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் நீங்களே ஆசைப்பட்டு, சேலத்துக்கு இறங்கி வந்த ஒரு நாளில் காசு கொடுத்து வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் மடியிலேயே வைத்துக் கொண்டுபோன புத்தகங்கள் ஏழெட்டாவது அதில் இருக்கும். வாங்கிய நாளில் ஏன் வாங்கினீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றிலிருந்து தொடங்குங்கள். நாள்தோறும் எடுத்துப் புரட்டும் புத்தகத்தில் பூஞ்சணம் எளிதில் ஏறாது என்பதை மலையில் இருக்கும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: ஐம்பெருங்காப்பியங்களையும் முழுமையாகப் படித்தவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? – ஓமலூர்

பதில்: ஒருவரும் இருக்க முடியாது. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற நூல்களின் உரைகளிலும் தொகை நூல்களிலும் மேற்கோளாக வந்த சில பாடல்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. முழுமையாகப் படிக்கக் கிடைப்பவை சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி ஆகிய மூன்றே. எங்கள் பட்டியலில் ஐந்தின் பெயரையும் ஒரே வரியில் போட்டு ஒரே கட்டம் கொடுத்தது பிழை. அதற்கு வருந்துகிறேன்.

கேள்வி: ஐயா, வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கும் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் சிறு வயதில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் பாரதம் படிக்கும்போது ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கார்ந்து கேட்டவன். இரவில் கூத்தும் பார்த்திருக்கிறேன். பாட்டும் வசனமும் பல இடங்களில் இன்றும் மனப்பாடம். வில்லிபாரதத்துக்கு எதிரில் குறி போடலாமா? என் மகன் கூடாது என்கிறான். – செவ்வாய்பேட்டை

பதில்: தாராளமாகப் போடுங்கள் ஐயா. உங்கள் மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் முதலில் உங்கள் பக்கமே நிற்கிறேன்.

‘பாடம் கேட்டேன்’ என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். சாமிநாதையர் தம் ஆசிரியரிடம் படித்ததைச் சொல்லும்போதும் பாடம் கேட்டேன் என்றே சொல்கிறார். ஆசிரியர் பாட்டைச் சொல்ல, மாணவர் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டதுதான் நம் கல்வி. நூல் இயற்றியவரும் சபையில் படித்துக் காட்டியே அரங்கேற்றினார். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல், கேள்விக்கென்று தனி அதிகாரம் வைத்து, அதில் ‘கற்றில னாயினுங் கேட்க’ என்று வெளிப்படையாகவே சொன்னார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட வில்லிபாரதம், நம் பக்கத்து ஊர்களில் இவ்வளவு காலம் நிலைத்து நின்றதற்குக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட உங்களைப் போன்றவர்களே காரணம். கண்ணால் ஒருமுறை ஓட்டிவிட்டுக் குறியிட்ட பலரைவிட அந்த நூல் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் மகன் சொல்வதன் நியாயம் இதுதான்: 18 நாள் பிரசங்கத்தில் பாடல்கள் எல்லாமும் வருவதில்லை. பிரசங்கியார் தமக்குப் பிடித்த சருக்கங்களில் நின்று விரித்துப் பேசுவார்; மற்றவற்றைக் கதையாகச் சொல்லித் தாண்டிவிடுவார். ஆகவே நீங்கள் கேட்காத விருத்தங்கள் நிறைய இருக்கும். மகன் படிக்கத் தெரிந்தவர்தானே? பட்டறை வேலை முடிந்த பிறகு தினம் பத்து விருத்தம் அவர் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தெரிந்த பாட்டு வந்தால் நீங்களே முன்னால் சொல்லிவிடுவீர்கள். அவருக்கும் சீர் பிரித்துப் படிக்க உங்களிடமிருந்து வரும். இருவரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து குறியிடுங்கள்.

கேள்வி: தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்திட்டத்தில் சிலப்பதிகாரத்திலிருந்து வழக்குரை காதை மட்டும் இருக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். சிலப்பதிகாரம் படித்ததாக எழுதலாமா? – மாணவி, ஆத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. என் பேரேட்டில் நான் செய்த தவற்றை நீங்களும் செய்ய வேண்டாம். 30 காதைகளில் வழக்குரை காதை இருபதாவது. அதை மட்டும் படித்தால், தலைவிரி கோலமாகக் கையில் சிலம்போடு வந்து நின்று, ‘தேரா மன்னா’ என்று அரசனை நோக்கிப் பேசுகிற பெண்ணை மட்டும் பார்ப்பீர்கள். அவள் யார், எப்படி இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியாது.

நான்கு காதைகள் பின்னால் போய்ப் பாருங்கள். பதினாறாவதான கொலைக்களக் காதையில், மதுரையின் புறத்தே ஆயர் சேரியில், மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். அரிவாள்மணையில் காய் அரிந்து விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, அடுப்புப் புகையில் கண் சிவக்கிறது. சமைத்து முடித்தபின் தடுக்கை விரித்து, கணவனின் கால் கழுவி, தரையில் நீர் தெளித்து மெழுகி, வாழைக் குருத்தை விரித்து, ‘இதோ உணவு’ என்று அவன் முன் வைக்கிறாள். அவன் உண்டு முடித்ததும் வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். அப்போதுதான் கோவலன், தான் அவளுக்கு இழைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி வருந்துகிறான். அந்தச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவன் திரும்பி வரவில்லை. இந்த இலையும் இந்த வெற்றிலையும் மனத்தில் இருக்கும்போது வழக்குரை காதையைப் படியுங்கள். உங்கள் வகுப்பில் படித்த அதே வரிகள்தாம். ஆனால் அரசனின் முன் நிற்பவள் வேறொருத்தியாக இருப்பாள்.

தேர்வு முடிந்த விடுமுறையில் தினம் ஒரு காதை என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதம். முதல் முறை உரையோடு படியுங்கள்.

கேள்வி: பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களையும் திரையரங்கில் பார்த்தேன். கதை முழுவதும் தெரியும். குறி போடலாமா? – அயோத்தியாப்பட்டணம்

பதில்: கதை தெரிவது வேறு, நாவல் படிப்பது வேறு. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார், ஐந்து பாகங்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு முதல் பாகத்தைத் தொடங்குங்கள். படம் பார்த்தவர்களுக்கு அது இன்னும் வேகமாக ஓடும்.

கேள்வி: போரும் வாழ்வும், புத்துயிர்ப்பு போன்றவற்றைத் தமிழில்தான் படித்தேன். ருஷ்ய மொழியில் எழுதப்பட்டதைத் தமிழில் படித்துவிட்டு டால்ஸ்டாயைப் படித்தேன் என்று சொல்வது சரியா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். – அஸ்தம்பட்டி

பதில்: முற்றிலும் சரி. உங்கள் நண்பர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அவரைப் படித்திருப்பார்கள், அதுவும் மொழிபெயர்ப்புதான். வால்மீகியின் கதையைக் கம்பன் தமிழில் பாடியதைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் தயக்கம் எதற்கு?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குறியிடும்போது மொழிபெயர்த்தவர் பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். போரும் வாழ்வும் நூலுக்கு எதிரில் டி. எஸ். சொக்கலிங்கம், புத்துயிர்ப்புக்கு எதிரில் ரா. கிருஷ்ணையா, வங்க நாவலான ஆரோக்கிய நிகேதனத்துக்கு எதிரில் த. நா. குமாரசுவாமி, மலையாளச் செம்மீனுக்கு எதிரில் சுந்தர ராமசாமி என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் படித்த தமிழ் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் இவர்கள் எழுதியவை. இவர்களில் சிலரின் பெயர் புத்தக அட்டையில்கூடச் சிறிய எழுத்தில்தான் இருக்கும். நம் கணக்கிலாவது அவர்களுக்கு உரிய இடம் இருக்கட்டும்.

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்ட புத்தகங்கள் படித்த கணக்கில் வருமா, படிக்காத கணக்கில் வருமா? எனக்கு அப்படி 30-க்கு மேல் இருக்கின்றன. முடிக்காமல் விட்டது குற்ற உணர்வாக இருக்கிறது. – மேட்டூர்

பதில்: தனியாக ஒரு பத்தி போட்டு எழுதுங்கள். அந்தப் பத்திதான் மூன்றிலும் மிகப் பயனுள்ளது.

சீவக சிந்தாமணியை நான் முதலில் எடுத்தது 34 வயதில். 3,145 பாடல்கள். முதல் பிரிவான நாமகள் இலம்பகத்தில் ஏமாங்கத நாட்டு வளம் வருகிறது. தென்னையிலிருந்து முற்றிய தேங்காய் விழுந்து, கமுகின் உச்சியிலுள்ள தேனடையைக் கிழித்து, பலாவைப் பிளந்து, மாங்கனியைச் சிதறடித்து, வாழைப்பழத்தை உதிர்க்கிற அந்தப் புகழ் பெற்ற பாடல் அங்கேதான் இருக்கிறது. அதை ரசித்தேன். அதற்கு மேல் வருணனை நீண்டுகொண்டே போனதாகத் தோன்றவே, நூலை மூடிவிட்டேன். 18 ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தபோதுதான் தெரிந்தது, கதை வேகம் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நான் நின்றிருக்கிறேன் என்று. அதே இலம்பகத்தில், அமைச்சன் கட்டியங்காரன் நாட்டைக் கைப்பற்றும்போது, கருவுற்றிருக்கும் அரசி விசயை மயில் வடிவப் பொறியில் ஏறித் தப்பிச் சென்று சுடுகாட்டில் இறங்கி, அங்கே தனியாகச் சீவகனைப் பெற்றெடுக்கிறாள். ஓர் அரசியின் பேறுகாலத்தைச் சுடுகாட்டில் வைத்த அந்தத் திருத்தக்கதேவரை, நான் 34 வயதில் வெறும் வருணனைப் புலவர் என்று எண்ணி மூடி வைத்திருந்தேன்.

அதனால், பாதியில் நிறுத்தியவற்றுக்கு எதிரில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் ஏன் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ‘சலிப்பாக இருந்தது’ என்று எழுதினாலும் போதும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, உண்மையிலேயே வேண்டாத நூல் எது, வயதுக்கு முன்னால் கைக்கு வந்துவிட்ட நூல் எது என்று உங்களுக்கே விளங்கும். வேண்டாதவற்றை நிம்மதியாக விட்டுவிடுங்கள். அவற்றில் ஒரு பேராசிரியர் புகழ்ந்த நூல் இருந்தாலும் கவலை இல்லை.

நீளமான நூல்கள் அச்சுறுத்தினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் பத்துப் பாட்டு என்றால் திருக்குறளுக்கு 133 நாள். சிந்தாமணிக்கு 315 நாள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கம்பராமாயணத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு என்பது அதிகம் போலத் தோன்றும். ஆனால் அதே மூன்று ஆண்டு எப்படியும் கழியத்தான் போகிறது.

கேள்வி: ஐயா, பட்டியலில் தஞ்சாவூர், மதுரை, நெல்லை, சென்னை என்று எல்லா ஊரும் வருகிறது. எங்கள் பக்கம் ஒன்றையும் காணவில்லையே. பழைய சேலம் மாவட்டத்துக்காரன் ஒருவன் தன் ஊரிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டுமென்றால் எதை எடுப்பது? நாள்தோறும் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போகிறவன் நான். – இராசிபுரம்

பதில்: உங்கள் குறை நியாயமானது. ஆனால் நம் பக்கம் பட்டியலில் இருக்கிறது. அதை நாங்கள் ஊரின் பெயரோடு எடுத்துக் காட்டவில்லை. 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன் சேலம் மாவட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

புறநானூற்றில் ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் தமக்குக் கொடுத்ததை ஔவையார் பாடியது 91-ஆம் பாட்டு. உங்கள் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் பாடியது 152-ஆம் பாட்டு. பாரதம், இராமாயணம் ஆகிய பெரிய கதைகளைப் படிக்கும் முன் அவற்றின் கதைப்போக்கு தெரியவேண்டுமென்றால், சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவருமான ராஜாஜி எழுதிய வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் இருக்கின்றன. பின்னது 1958-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் ‘என் கதை’, பாட்டால் மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய உரைநடையின் இனிமையைக் காட்டும். கொங்கு நாட்டுக் கிராமத்தின் பேச்சை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்தது ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள், அது 1942-இல் வந்தது. மிகச் சிறிய நாவல். உங்கள் பேருந்துப் பயணத்தில் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நம் பேச்சுக்கு மிகவும் நெருக்கமான பேச்சை அச்சில் பார்க்கும்போது உங்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் இப்போதே அறிவேன்.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரே ஒரு பாட்டைப் படியுங்கள். குறுந்தொகையின் நூறாம் பாட்டு, கபிலர் பாடியது. அருவி பாயும் சரிவில் மலைநெல் விதைத்து வாழும் மக்கள், பசி வந்தால் யானைக் கொம்பை விற்று உண்பார்கள் என்று ஒரு மலையைக் காட்டிவிட்டு, அந்த ஓரியின் கொல்லிமலையில் மேற்குப் பக்கத்திலுள்ள பாவையைப் போன்றவள் அவள், ஆனால் மணப்பதற்கு அரியவள் என்று ஒரு தலைவன் ஏங்குகிறான். ‘கொல்லிக் குடவரை’ என்கிறார் கபிலர். குடவரை என்றால் மலையின் மேற்குப் பக்கம். இராசிபுரம் சாலையில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் தினமும் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.